குச்சவெளிக்கு நான் தீட்டிய பச்சை

திருகோணமலையில் ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். என்னை நியமித்தவர்களுக்கே அது தெரியாது. பட்டதாரிகளுக்குக் கூட்டங்கூட்டமாக வேலைக் கடிதம் கொடுத்த காலத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. முதல் வருடம் எனக்கு மேசை இல்லை. இரண்டாம் வருடம் மேசை வந்தது, கதிரை வரவில்லை. கதிரை வந்த பிறகுதான் நான் படித்தது புவியியல் என்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். புவியியல் என்றால் வரைபடம், வரைபடம் என்றால் இந்தப் பிள்ளை என்று முடிவாகி, மாவட்டத்துப் பெண்களின் கருப்பைப் புற்றுநோய் வரைபடம் என் தலையில் வந்து விழுந்தது.

அந்தப் படத்தில் குச்சவெளிக்குப் பச்சை தீட்டியது நான். அதே நாட்களில் குச்சவெளியில் என் அண்ணனின் மனைவி, என் மச்சாள், மாதச்சுகவீனம் நின்று நான்கு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் இரத்தம் போவதை ஒருவருக்கும் சொல்லாமல், துணியைத் துவைத்து வீட்டுக்குப் பின்னால் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்படி இரத்தம் போனால் ஒரு நாளும் பிந்தாமல் வந்து காட்ட வேண்டும் என்று எழுதிய துண்டுப்பிரசுரம் என் மேசை லாச்சிக்குள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. வெட்கக்கேடு இவ்வளவுதான். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறட்டும்.

படம் கீறுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பட்டியல் வரும். நோயாளியின் வயது, விலாசம், நோய் எத்தனையாவது கட்டத்தில் பிடிபட்டது என்ற விபரம். கட்டம் ஒன்று என்றால் கருப்பையோடு நிற்கிறது, எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு என்றால் பிந்திவிட்டது. ஒவ்வொரு பிரதேசத்திலும் பிந்தி வந்தவர்கள் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்த்து, கூடவென்றால் சிவப்பு, நடுத்தரம் என்றால் மஞ்சள், குறைவென்றால் பச்சை. கணினியிலேயே நிறம் போடலாம். ஆனால் எங்கள் அச்சு இயந்திரத்துக்குக் கலர் மை வாங்கித் தருவதற்கு நாட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் பன்னிரண்டு பென்சில் பெட்டி ஒன்றை என் கைக்காசில் வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டினேன். நன்றாகத்தான் வந்தது. பெருமையாகவும் இருந்தது.

நகரமும் உப்புவெளியும் நல்ல சிவப்பு. தம்பலகாமம் மஞ்சள். வடக்கே கடற்கரையோடு நீண்டு கிடக்கும் குச்சவெளி பச்சைப் பசேல்.

எங்கள் அலுவலகத்துப் பெரிய டொக்டர் அந்தப் படத்தைக் கூட்டத்தில் சுவரில் ஒட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் கையில் ஒரு படம் கிடைத்துவிட்டால் காரணம் கண்டுபிடிக்காமல் அவரால் இருக்க முடியாது. உப்புவெளிப் பெண்கள் ஏன் சிவப்பு? கொத்துரொட்டி, பேக்கரிப் பாண், விருந்தினர் விடுதிகளில் மிஞ்சுகிற எண்ணெய்ச் சாப்பாடு, நடக்க வேண்டிய தூரத்துக்கும் ஓட்டோ. குச்சவெளிப் பெண்கள் ஏன் பச்சை? மீன், கீரை, மணலில் நடை, கடற்காற்று. எல்லோரும் தலையாட்டினோம். கடற்காற்று உப்புவெளியிலும் அடிக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. உப்புவெளியில் குடியிருக்கிறவளே நான்தான். ஆனால் படத்தைக் கீறியவளும் நான்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மூடாதவர் ஒருவர் இருந்தார். குச்சவெளியில் வேலை செய்யும் மருத்துவமாது. சொந்த ஊர் கிண்ணியா. எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழும்பினார்.

"சேர், அங்க வருத்தம் இல்லாம இது பச்சை இல்ல. அங்க உள்ள பொம்பிளைகள் வந்து காட்டாததால பச்சை."

"மிஸ்ஸி, உணர்ச்சியில கதைக்கக் கூடாது. தரவை வைச்சுத்தான் கதைக்க வேணும்" என்றார் டொக்டர்.

தரவு என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே இரண்டு போட வேண்டும் போல இருக்கும்.

கூட்டம் இரண்டு தீர்மானம் எடுத்தது. ஒன்று, பச்சைப் பிரதேசத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். மற்றது, குச்சவெளியில் மாதம் ஒரு வியாழக்கிழமை நடந்துவந்த பெண்கள் கிளினிக்கை, தேவை கூடிய உப்புவெளிக்கு மாற்றுவது. பிறகு பார்சல் சோறு வந்தது. கோழியா மீனா என்பதில்தான் அன்றைக்கு உண்மையான வாக்குவாதம் நடந்தது. கிளினிக் மாற்றப்பட்டது என்ற அறிவித்தலை அடுத்த நாள் நானே தட்டச்சு செய்தேன். தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே ஒரு கோடும் போட்டேன்.

இனி மச்சாளின் பக்கம். இதெல்லாம் பிறகு அவர் வாயால் நான் கேட்டது.

அவருடைய ஊர் அம்மன் கோயிலில் வருடாவருடம் சடங்கு நடக்கும். அம்மனுக்குப் பொங்குகிற அரிசி ஆலையில் குத்துவது இல்லை. ஊர்ப் பெண்கள் உரலில் குத்துவார்கள். அதிலும் மாதச்சுகவீனம் நின்ற பெண்கள் மட்டும்தான் உலக்கை பிடிக்கலாம். துடக்கு என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது அல்லவா. மச்சாள் அந்த வரிசையில் முதன்முதல் சேர்ந்த வருடம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாழ்க்கையில் எதற்கும் அவரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் தாய் என்றுதான். கோயில் நிர்வாகத்தார் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி முன்னுக்கு வரச் சொன்னார்களாம். அதைப் போனில் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு நான்காம் வருடம் இரத்தம் கண்டது. உலக்கையை விட்டு விலகினால் ஏன் என்று ஊர் கேட்கும். விலகாமல் குத்தினால் அம்மன் கேட்பாள். அந்த வருடம் சடங்குக்கு மூன்று நாள்தான் இருந்தது. குத்திவிட்டார். அதற்குப் பிறகு தனக்கு வந்ததெல்லாம் அதற்கான தண்டனை என்று அவர் மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த தடவை உலக்கை பிடிக்கக் கூடாது என்று நினைத்தவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முழங்கால் நோ. முழங்கால் நோவில் ஒரு மானப் பிரச்சினையும் இல்லை. கடைத்தெருவில் நின்று கதைக்கலாம், காலை நீட்டிக் காட்டலாம், மகளைப் பெண்பார்க்க வருகிறவர்களும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நின்றுகொண்டு உலக்கை போட ஏலாது என்றால் எல்லோரும் நம்புவார்கள்.

மிஸ்ஸி மட்டும் நம்பவில்லை. வீடு வீடாகப் போகிறவர் கொடியில் காய்கிற துணியையும் பார்ப்பார். "அக்கா, முழங்காலைக் காட்டவேண்டாம். வியாழக்கிழமை கிளினிக்குக்கு வாங்க, பிரஷர் பார்க்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். மச்சாள் பத்து நாள் யோசித்தார். பதினோராம் நாள் வியாழக்கிழமை, நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு, வெயிலில் இரண்டு மைல் நடந்து கிளினிக் கட்டடத்துக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு தடித்த எழுத்தில், கீழே ஒரு கோடு.

திரும்பி வந்தவர் அடுத்த ஐந்து மாதம் எங்கேயும் போகவில்லை. மிஸ்ஸி இரண்டு தடவை வீட்டுக்கு வந்தபோதும், அது நின்றுவிட்டது என்று பொய் சொன்னார்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம் கையில் ஒரு பையோடு உப்புவெளியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் நான் தனி. ஆள் வந்ததில் எனக்குச் சந்தோசம்தான்.

"முழங்கால் பெரிய நோவாக் கிடக்கு மச்சாள். இஞ்ச நிண்டு மருந்து எடுப்பம் எண்டு வந்தனான்" என்றார்.

நான் உடனே அபிவிருத்தியில் இறங்கினேன். முறிவு நெரிவு பார்க்கும் பரியாரி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முழங்காலை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தார். வீக்கமும் இல்லை, சத்தமும் இல்லை, இளம்பெண்ணின் முழங்கால் போல இருக்கிறது. ஆனால் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. "உள்வாதம்" என்று சொல்லி ஒரு போத்தல் எண்ணெய் தந்தார். நான் தினமும் வேலையால் வந்து, கை கால் கழுவி, மச்சாளைக் கதிரையில் இருத்தி, கீழே குந்தியிருந்து, ஒரு நோவும் இல்லாத அந்த முழங்காலுக்கு எண்ணெய் பூசித் தேய்த்தேன்.

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. ஒரு நாள் வலது காலை இழுத்து நடந்தார். அடுத்த நாள் இடது காலை.

"என்ன மச்சாள், நேற்று அந்தக் கால், இண்டைக்கு இந்தக் காலோ?" என்று கேட்டேன்.

"மாறி மாறிப் பிடிக்குது" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். புற்றுநோய் வரைபடம் கீறுகிற பெண் நான். சிவப்பு எது, பச்சை எது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள். என் கைக்கு எட்டுகிற தூரத்தில், என் வீட்டுக் கதிரையில் அது உட்கார்ந்திருந்தது. நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் போக, காலுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று சொல்லி, பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குத் தனியே போக ஆரம்பித்தார். கூட வருகிறேன் என்றால், "உங்களுக்கு வேலை இருக்கு, நீங்கள் போங்கோ" என்பார். உண்மையில் முதலில் உப்புவெளிக் கிளினிக்குக்குத்தான் போயிருக்கிறார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. அவர்கள் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். விலாசம் கேட்டபோது என் வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையையும் சொன்னார். குச்சவெளி விலாசம் கொடுத்தால் ஆஸ்பத்திரிக் கடிதம் அங்கே போகும். அங்கே ஒரு கடிதம் வந்தால், அது வீட்டுக்கு வருமுன் செய்தி நாலு வீட்டுக்குப் போய்விடும்.

அந்தக் காலாண்டுப் பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது. நோயாளிகளின் இரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பட்டியலில் பெயர்களை எல்லாம் வெட்டிவிடுவார்கள். விலாசத்தை முழுசாக விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் இரகசியம் என்றால் அந்த அளவுதான். நான் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தேன். உப்புவெளி, சிவப்பு. உப்புவெளி, சிவப்பு. அடுத்த வரியில் என் வீட்டு விலாசம் இருந்தது. வயது ஐம்பத்துநான்கு. கட்டம் மூன்று.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்ன கவலையீனம், யாருடையதோ நோயைக் கொண்டுவந்து என் வீட்டில் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுப் பகுதிக்குப் போன் எடுத்தேன்.

"உங்கட லிஸ்டில பெரிய பிழை ஒண்டு கிடக்கு. இது என்ர வீட்டு விலாசம்."

"அக்கா, ஆக்கள் சொல்லுற விலாசத்தைத்தான் நாங்கள் எழுதுறது" என்றது அந்தப் பக்கத்துப் பிள்ளை.

"அந்த வீட்டில என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. போனை வைத்தேன். என் விரல்களில் முந்தின நாள் பின்னேரம் பூசிய எண்ணெயின் மணம் இன்னும் இருந்தது. அரைநாள் லீவு எழுதக்கூட நினைவில்லாமல் எழும்பிப் போய் பஸ் ஏறினேன்.

மச்சாள் குசினியில் நின்று சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு காலும் நேராக, நோவில்லாமல் நின்றார். வழமைக்கு முன்னமே வந்த என்னைக் கண்டதும் அவசரமாக ஒரு காலை மடக்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"முழங்காலை விடுங்கோ மச்சாள்" என்றேன். "எனக்குத் தெரியும்."

அவர் மீன் சட்டியைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவினார். அவசரப்படாமல் துடைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உலக்கை, துணி, மிஸ்ஸி, வியாழக்கிழமை, பூட்டிய கதவு. கதவில் ஒட்டியிருந்த தாளைப் பற்றிச் சொன்னபோது நான் இடையில் மறித்தேன்.

"அந்தத் தாள் நான் அடிச்சது."

அவர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"எழுத்து வடிவா இருந்தது" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என்னைத் தேற்றுவதற்குத்தான் சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக எனக்கு ஒரு போதும் இருந்ததில்லை.

சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து. மச்சாள் அதையும் பின்போடச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். சடங்கு முடியட்டுமாம். அதற்கு முன்னமே போனால் எங்கே போனாள் என்று கதைப்பார்களாம். மகளின் கலியாணப் பேச்சு ஒன்று வேறு நடந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். மூத்தவர், மரியாதை என்றெல்லாம் பார்க்கவில்லை. "கதைக்கிறவை உங்களுக்குப் பதிலாச் சாக வருவினமோ?" என்று கேட்டேன். அவர் அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே அண்ணனுக்குச் சொன்னேன். அண்ணன் அடுத்த நாள் கடலுக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வந்து, என் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து, "எனக்கும் முழங்கால் எண்டுதானே சொன்னவள்" என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் நடந்தேன். செய்யக்கூடாத வேலை. செய்தேன். முதல் வீட்டில் ஒரு ஆசிரியை. "எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தருக்கும் இல்லை. இவரின்ர அக்கா வந்து நிண்டவ, அவ கண் பார்க்க வந்தவ, தம்பலகாமம்" என்றார். இரண்டாம் வீட்டில் குச்சவெளியிலிருந்து பல்லுப் பிடுங்க வந்த ஒரு சித்தி. பல்லுப் பிடுங்க ஆறு வாரம். மூன்றாவது ஒரு சின்ன விருந்தினர் விடுதி. அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த குச்சவெளி அம்மா ஒருவருக்கு இடுப்பு நோ. உப்புவெளிப் பெண்களின் கொத்துரொட்டி மேல் நாங்கள் போட்ட பழி எல்லாம் வீண். கண்ணும் பல்லும் இடுப்புமாக, மானமுள்ள வருத்தங்களைச் சொல்லிக்கொண்டு, வெளியூர்ப் பெண்களெல்லாம் எங்கள் வீடுகளுக்கு வந்து சிவப்பாகியிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு எண்ணெய் பூசியிருந்தோம்.

புதுப் படம் ஒன்று தீட்டி, பட்டியலையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். குச்சவெளி சிவப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"நோயாளி சொல்லுற விலாசம்தான் விலாசம், பிள்ளை. நாங்கள் வீடு வீடாப் போய் விசாரிக்க ஏலாது."

"நான் விசாரிச்சனான் சேர்."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு." படத்தை மடித்தார். "பழைய படம் மேல போயிட்டுது. சான்றிதழும் குடுத்தாச்சு, கண்ணாடி போட்டுச் சுவரில கொழுவியும் இருக்கினம். இப்ப சிவப்பெண்டு அனுப்பினா, ஒரு வருசத்துக்குள்ள அங்க என்ன நடந்ததெண்டு எங்களைத்தான் கேப்பினம்."

"ஒண்டும் நடக்கேல்லை சேர். அதுதான் நடந்தது."

நான் வாசலுக்குப் போனபோது அவர் கூப்பிட்டார். "லிஸ்டில உங்கட விலாசத்துக்கு நேர இருக்கிறது உங்கட ஆளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். என் முன்னாலேயே போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவரோடு பத்து நிமிடம் கதைத்து, சத்திரசிகிச்சை நாளை அடுத்த கிழமைக்கு மாற்றினார். அந்த மனிதரை முழுசாக வெறுக்கவும் ஏலவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு போன் போதும், ஒரு நிறத்தை மாற்றத்தான் அவருக்குத் தைரியம் போதவில்லை.

கருப்பையை எடுத்தார்கள். பிறகு தூரத்து ஆஸ்பத்திரியில் ஊசி, கதிர். தலைமயிர் கொட்டியது. மச்சாள் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கினார். கலியாண நாளிலிருந்து அண்ணனின் கையை வெளியில் பிடித்ததில்லை என்று என்னிடம் சொன்னார். எட்டு மாதம் நன்றாக இருப்பது போலத்தான் இருந்தார். பிறகு வயிற்றில் தண்ணீர் கட்ட ஆரம்பித்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். குச்சவெளிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஊர்ப் பெண்கள் பார்க்க வந்தார்கள். அவரோடு உலக்கை பிடித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருத்தி வழமைபோல், "முழங்கால் இப்ப எப்பிடி அக்கா?" என்று கேட்டாள். நான் கதவடியில் நின்றேன். மச்சாள் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடியே சொன்னார்.

"முழங்கால் நல்ல சுகம். அதில எனக்கு எண்டைக்கும் வருத்தம் இருந்ததில்லை. நாலு வருசம் நிண்டது திரும்பி வந்தது. அதை முழங்கால் எண்டு சொல்லிச் சொல்லித்தான் இப்ப சாகப்போறன்."

வந்தவர்கள் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் குனிந்து பார்த்தார்கள். துடக்கோடு நெல்லுக் குத்தினாளோ என்று ஒருத்தி பிறகு வெளியில் போய்க் கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். கேட்டிருப்பார்கள். மச்சாளுக்கு அதைப் பற்றி இனி ஒரு கவலையும் இருக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒரு விசயம் கேட்டார்.

"அந்த லிஸ்டில என்ர விலாசத்தை மாத்துவீங்களே? நான் இந்த ஊர்தானே."

ஓம் என்றேன். மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. மாற்றினேன். ஒரு பச்சைப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் அலுவலகக் கோப்புக்குள் அது இப்போதும் இருக்கிறது. ஒருவரும் திறந்து பார்க்காததால் பாதுகாப்பாக இருக்கிறது.

சடங்குக்குப் பதினைந்து நாள் இருக்க மச்சாள் செத்துப்போனார்.

செத்தவீட்டில் நான் குசினிப் பக்கம் பெண்களோடு இருந்தேன். மிஸ்ஸி கிண்ணியாவிலிருந்து வந்து என் பக்கத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு, என் கையை ஒரு தடவை அமத்திவிட்டுப் போனார். அவர் எழும்பிய இடத்தில் இன்னொருத்தி வந்து இருந்தாள். ஐம்பது வயது மட்டில். மச்சாளோடு ஒரே உரலில் குத்தியவள். அழுது முகம் வீங்கியிருந்தது. மற்றவர்களுக்குக் கேளாமல் என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"தங்கச்சி, எனக்கும் ரெண்டு மாசமா முழங்கால் நோ."

நான் அவள் முழங்காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை விலக்கவில்லை.

எட்டுச் செலவு என்கிற எட்டாம் நாள் கிரியை முடியட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு கரையோரப் பஸ்ஸில் ஏறினேன். குச்சவெளியில் கிளினிக் இல்லை, அது இன்றைக்கும் உப்புவெளியில்தான் நடக்கிறது. ஆகவே நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் மகனின் படிப்பைப் பற்றியும் நெத்தலிக் கருவாட்டைப் பற்றியும் கதைத்துக்கொண்டு வந்தாள். பதிவு ஜன்னலில் வரிசை. எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"விலாசம்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டால் என் வீட்டு இலக்கத்தையே கொடுத்திருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் உரத்தே, தன் வீட்டு இலக்கத்தையும் வீதியையும் சொல்லி, "குச்சவெளி" என்று முடித்தாள்.

அடுத்த காலாண்டுப் பட்டியல் வந்தபோது அலுவலகத்தில் ஒருவரும் இல்லை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெயர் வெட்டப்பட்டிருந்தது. விலாசம் குச்சவெளி. வயது ஐம்பத்தொன்று. கட்டம் ஒன்று. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, மச்சாளுக்கு எப்படி இதைச் சொல்வேன் என்று அழுதேன்.